பணியிடத்தில் புது யோசனைகள் பிறக்கவும் நிலைக்கவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழுத் தலைவர்கள், மேலாளர்கள், மனிதவளப் பிரிவில் இருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பதில்களுக்கெல்லாம் அடியில் ஒரே நம்பிக்கைதான் இருக்கிறது: யோசனைப் பஞ்சம் உள்ள அலுவலகம் அபூர்வம். சொன்ன யோசனைக்கு என்ன ஆயிற்று என்று தெரியாததால் அடுத்த தடவை வாய் திறக்காமல் போனவர்கள்தான் அதிகம்.

படைப்பாற்றல், புத்தாக்கம் இரண்டும் ஒன்றுதானா?

இல்லை. புதிதாக ஒன்றை யோசிப்பது படைப்பாற்றல். அந்த யோசனை யாருக்காவது பயன்படும் வடிவத்தில் வந்து சேர்ந்தால்தான் அது புத்தாக்கம். நடுவில் உள்ள தூரம் நாம் நினைப்பதைவிட நீளமானது. 3எம் நிறுவனத்தின் வேதியியலாளர் ஸ்பென்சர் சில்வர் வலுவான பசையைத் தேடிப் போனார். 1968-இல் அவருக்குக் கிடைத்ததோ, ஒட்டியதும் சுலபமாகப் பிரிந்துவிடும் பசை. அதற்கு என்ன பயன் என்று புரியாமலே நிறுவனத்துக்குள் கருத்தரங்குகளில் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். 1974-இல் அங்கேயே வேலை பார்த்த ஆர்ட் ஃப்ரைக்கு, பாட்டுப் புத்தகத்தில் வைக்கும் அடையாளச் சீட்டுகள் நழுவி விழுவது தொல்லையாக இருந்தபோது அந்தப் பசை ஞாபகத்துக்கு வந்தது. அப்படிப் பிறந்த போஸ்ட்-இட் என்ற ஒட்டுச் சீட்டு அமெரிக்கா முழுக்க விற்பனைக்கு வந்தது 1980-இல். பசையைக் கண்டுபிடித்தவர் ஒருவர், பயனைக் கண்டுபிடித்தவர் வேறொருவர். ஒருவர் பேச இடமும் வேறு துறைக்காரர் வந்து கேட்க வழியும் இருந்ததால்தான் இரண்டும் சந்தித்தன.

எங்கள் குழுவில் யாருக்கும் யோசனையே வருவதில்லை. எங்கிருந்து தொடங்குவது?

"ஏதாவது புதுசா சொல்லுங்க" என்று கேட்டால் யாருக்குமே எதுவும் வராது. யோசனையைக் கேட்காதீர்கள், எரிச்சலைக் கேளுங்கள். போன வாரம் எந்த வேலையை இரண்டு தடவை செய்ய வேண்டி வந்தது? எந்தத் தகவலுக்காக இன்னொருவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டியிருந்தது? எந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தை நிரப்புகிறோம், ஆனால் யாரும் படிப்பதில்லை?

ஐந்து வேலை நாட்கள் ஆளுக்கொரு தாள் கொடுங்கள். எரிச்சல் வரும்போதே ஒரு வரி எழுத வேண்டும்: என்ன நடந்தது, எத்தனை நிமிடம் போனது, எத்தனையாவது தடவை. வாரக் கடைசியில் உட்கார்ந்து எழுதச் சொன்னால் பாதி மறந்துபோயிருக்கும், மீதி பொதுப்படையான புலம்பலாக வரும். தாள்களைச் சேர்த்துப் பார்த்தால் இரண்டு மூன்று விஷயங்கள் பலரிடமும் திரும்பத் திரும்ப வந்திருக்கும். அதில் ஒன்றை மட்டும் எடுத்துக் கேள்வியாக்குங்கள்.

கேள்வியை எழுதும் விதத்தில் நிறைய இருக்கிறது. "வாடிக்கையாளர் சேவையை எப்படி மேம்படுத்துவது?" என்றால் பதிலும் அதே அளவு மொட்டையாக இருக்கும். "புகார் கொடுத்தவர் மறுபடி கூப்பிட்டுக் கேட்பதற்கு முன்னாலேயே அவருக்கு நிலவரம் தெரியும்படி, புதிதாக ஆள் எடுக்காமல், என்ன செய்யலாம்?" என்றால் மூளைக்குப் பிடிமானம் கிடைக்கும். வரம்பு யோசனையை முடக்கும் என்று பலர் பயப்படுகிறார்கள். நியாயமான ஒன்றிரண்டு வரம்புகள் இருந்தால் பெரும்பாலும் யோசனை கூர்மையாகத்தான் ஆகிறது.

ஆலோசனைப் பெட்டி வைத்தோம். முதல் மாதம் நிரம்பியது, பிறகு காலி. ஏன்?

பதில் வரவில்லை, அதனால்தான். பெட்டிமீது குற்றமில்லை. தொழிலாளர்களிடம் யோசனை கேட்டுப் பரிசு தரும் முறை 1880-லேயே ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டனில் இருந்த வில்லியம் டென்னி கப்பல் கட்டும் தளத்தில் இருந்தது. ஈஸ்ட்மன் கோடக் நிறுவனம் இந்த முறையை 1898-இல் தொடங்கியது. அங்கே முதலில் பரிசு பெற்றது, வெளிச்சம் நன்றாக வர ஜன்னல்களைக் கழுவலாம் என்ற யோசனை. டொயோட்டாவின் முறை 1951-இல் வந்தது. இந்த முறை இத்தனை காலமாக நீடிப்பதே அது வேலை செய்யும் என்பதற்குச் சான்று.

உங்கள் பெட்டியைப் பிழைக்க வைக்க இவற்றைச் செய்யுங்கள். பொறுப்பை ஒரு குழுவிடம் விடாமல் பெயர் சொல்லி ஒருவரிடம் கொடுங்கள். யோசனை வந்த இரண்டு வேலை நாட்களுக்குள் "வந்து சேர்ந்தது, இன்னார் பார்க்கிறார்" என்று பதில் போக வேண்டும். பத்து வேலை நாட்களுக்குள் முடிவு தெரிய வேண்டும்: செய்கிறோம், சோதித்துப் பார்க்கிறோம், இப்போது இல்லை, இந்த மூன்றில் ஒன்று. எல்லோர் கண்ணிலும் படும் பலகையில் ஒவ்வொரு யோசனையும் எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதி வையுங்கள். அந்தக் குழுவுக்குள்ளேயே முடியும் சின்ன மாற்றங்களுக்கு ஒரு செலவு வரம்பு வைத்து, அதற்குள் குழுத் தலைவரே முடிவெடுக்கட்டும். நாற்காலியை நகர்த்துவதற்கும் மேலிடத்துக் கையெழுத்து வேண்டுமென்றால் யாரும் எழுத மாட்டார்கள்.

பதில் சொல்ல முடிந்த அளவுக்குத்தான் கேட்க வேண்டும். மாதம் பத்து யோசனைகளைத்தான் கவனிக்க முடியும் என்றால், எல்லாவற்றையும் பற்றிக் கேட்காமல் அந்த மாதத்துக்கு ஒரே ஒரு தலைப்பைக் கொடுங்கள். ஏற்கெனவே பழைய குவியல் கிடக்கிறது என்றால் முதலில் அதற்குப் பதில் எழுதி முடியுங்கள். அதை அப்படியே விட்டுவிட்டுப் புதுப் பெயரில் இன்னொரு திட்டம் தொடங்கினால், முதல் தடவை எழுதியவர்கள்தான் முதலில் விலகுவார்கள்.

ஒரு யோசனையை வேண்டாம் என்று சொன்னால் ஆள் சோர்ந்துவிடுவாரே?

மறுப்பைவிட மௌனம்தான் சோர வைக்கும். மறுப்பு எப்படி இருக்கலாம் என்பதற்கு ஒரு மாதிரி:

"திரும்பி வரும் பொருளின் பில்லை ஸ்கேன் செய்து அங்கேயே வரவு வைக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். கணக்குப் பிரிவில் பேசினோம். இப்போதுள்ள மென்பொருள் ஒரு பில் எண்ணை இரண்டாம் தடவை ஏற்காது. அதனால் இப்போது செய்ய முடியவில்லை. மென்பொருளை மாற்றும்போது இதை மறுபடி எடுக்கிறோம், பட்டியலில் உங்கள் பெயருடன் இருக்கிறது. திரும்பி வரும் பொருளுக்குத் தனித் தட்டு வைக்கலாம் என்ற உங்கள் இரண்டாவது வரியைத் திங்கட்கிழமை முதல் இரண்டு வாரம் செய்து பார்க்கிறோம். நீங்களும் கூட இருக்க முடியுமா?"

யோசனையைப் படித்திருக்கிறார்கள் என்பது முதல் வாக்கியத்திலேயே தெரிகிறது. யாரிடம் கேட்டார்கள், உண்மையான தடை எது, என்ன மாறினால் கதவு திறக்கும் என்பதெல்லாம் இருக்கிறது. "பரிசீலனையில் உள்ளது" என்ற வாக்கியத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. எழுதியவரும் அதை மறுப்பாகத்தான் படிப்பார்.

பிரெயின்ஸ்டார்மிங் கூட்டம் (எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து யோசனைகளைக் கொட்டுவது) பயன் தருமா?

வழக்கமாக நடக்கும் விதத்தில் குறைவாகத்தான் தரும். இந்த முறையைப் பரப்பியவர் விளம்பரத் துறையைச் சேர்ந்த அலெக்ஸ் ஆஸ்போர்ன். விமர்சிக்காதே, விசித்திரமானதையும் வரவேற்பாய், எண்ணிக்கையைக் கூட்டு, பிறர் யோசனைமேல் கட்டு என்று நான்கு விதிகள் வைத்தார். 1958-இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். நான்கு பேர் சேர்ந்து யோசித்ததைவிட, நான்கு பேர் தனித்தனியாக யோசித்ததைச் சேர்த்து எண்ணியபோது ஏறக்குறைய இரு மடங்கு யோசனைகள் இருந்தன. முக்கியக் காரணத்தை 1987-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். மற்றவர்கள் தம் முறைக்குக் காத்திருக்கிறார்கள், காத்திருக்கும்போது யோசனை நழுவிவிடுகிறது. இதோடு மேலாளர் முதலில் பேசிவிட்டால், பிறகு வருவதெல்லாம் அவர் சொன்னதன் நகலாகத்தான் இருக்கும்.

ஆகவே முதலில் எழுதுங்கள், பிறகு பேசுங்கள். 1968-இல் பெர்ண்ட் ரோர்பாக் வகுத்த 6-3-5 முறை இதற்கு நன்றாகப் பொருந்தும். ஆறு பேர், ஆளுக்கு மூன்று யோசனை, ஐந்து நிமிடம். ஒவ்வொருவருக்கும் மூன்று பத்தி, ஆறு வரிசை போட்ட ஒரு தாள். மேலே கேள்வியை எழுதுங்கள். முதல் ஐந்து நிமிடத்தில் முதல் வரிசையில் மூன்று யோசனைகள். நேரம் முடிந்ததும் தாளை வலப்பக்கத்தவரிடம் தள்ள வேண்டும். அடுத்த ஐந்து நிமிடத்தில், மேலே உள்ளதைப் படித்து அதை வளர்க்கலாம், திருப்பிப் போடலாம், புதிதாகவும் எழுதலாம். ஆறு சுற்று, முப்பது நிமிடம், தாள் நிரம்பினால் 108 யோசனைகள்.

நடைமுறையில் அவற்றில் கணிசமானவை ஒன்றுபோல இருக்கும், அதில் தவறில்லை. நான்காவது, ஐந்தாவது சுற்றில் அலுப்பு வரும். வழக்கமான பதில்கள் தீர்ந்துபோன அறிகுறி அது, நிறுத்திவிடாதீர்கள். படிக்க நிறைய இருப்பதால் கடைசிச் சுற்றுகளுக்கு ஒரு நிமிடம் கூடுதலாகக் கொடுக்கலாம். கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பார்கள் என்று கூச்சப்பட்டால் பகிர்ந்த விரிதாளில் பெயரில்லாமல் செய்யுங்கள். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கும் அது வசதி.

நூறு யோசனையில் எதை எடுப்பது?

அன்றைக்கே எடுக்காதீர்கள், மறுநாள் எடுங்கள். ஆளுக்கு மூன்று வாக்கு, பேச்சில்லாமல், எல்லோரும் போட்ட பிறகு கடைசியாக மேலாளர். இதிலும் ஒரு பொறி இருக்கிறது: வாக்கெடுப்பில் எல்லோருக்கும் பழகிய, ஆபத்தில்லாத யோசனைதான் ஜெயிக்கும். ஆகவே ஓர் இடத்தைத் தனியாக ஒதுக்கி வையுங்கள். ஒரே ஒரு வாக்கு விழுந்திருந்தாலும், "இதை நானே செய்து பார்க்கிறேன்" என்று ஒருவர் முன்வந்தால் அதுவும் சோதனைக்குப் போகட்டும்.

சோதனை என்றால் எவ்வளவு பெரிதாகச் செய்ய வேண்டும்?

தோற்றால் யாருக்கும் வலிக்காத அளவுக்கு. தொடங்கும் முன் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். இப்படி இருக்கலாம்:

நம்பிக்கை: காலை ஷிஃப்டிலிருந்து மாலை ஷிஃப்டுக்கு மாறும்போது வாய்வழியாகச் சொல்வதற்குப் பதில் ஐந்து வரிச் சீட்டு எழுதிக் கொடுத்தால், விட்டுப்போகும் வேலைகள் குறையும். இடம்: இரண்டாவது உற்பத்தி வரிசை மட்டும். காலம்: மூன்று வாரம். பார்க்கும் எண்: ஷிஃப்ட் மாறிய ஒரு மணி நேரத்துக்குள் முந்தைய ஷிஃப்டைக் கூப்பிட்டுக் கேட்ட தடவைகள். இப்போதைய நிலை: வாரம் 14. வெற்றி: வாரம் 7 அல்லது குறைவு. நிறுத்தும் எல்லை: சீட்டு எழுத ஐந்து நிமிடத்துக்கு மேல் பிடித்தால். முடிவெடுப்பவர் பெயர், தேதி.

கெட்டுப்போகும் இடங்கள் பெரும்பாலும் இவைதான். "இப்போதைய நிலை" எண்ணை எடுக்காமலே தொடங்கிவிடுவார்கள். பிறகு குறைந்ததா கூடியதா என்று விவாதம்தான் மிஞ்சும். மிகத் திறமையான ஆட்களை வைத்துச் சோதிப்பார்கள். அவர்கள் கையில் எதுவும் ஓடும், மற்ற இடத்துக்குப் போனதும் நின்றுவிடும். முடிவுத் தேதி இருக்காது. சோதனை என்ற பெயரிலேயே ஒரு வருடம் இழுக்கும். வெற்றி எல்லையை முடிவு தெரிந்த பிறகு எழுதுவதும் நடக்கிறது. அதைத் தடுக்கத்தான் அந்த ஒரு பக்கத்துக்குத் தேதி போட்டு முன்னாலேயே எல்லோருக்கும் அனுப்பிவிட வேண்டும்.

வேலை நேரத்தில் ஒரு பகுதியைச் சொந்த யோசனைகளுக்கு ஒதுக்கலாமா?

3எம் 1948 முதல் 15 சதவீத நேரம் என்ற வழக்கத்தை வைத்திருக்கிறது. கூகுள் நிறுவனர்கள் 2004-இல் பங்குச் சந்தைக்கு வந்தபோது எழுதிய கடிதத்தில் 20 சதவீத நேரத்தைக் குறிப்பிட்டார்கள். இந்தச் சதவீதங்களைப் பார்த்து அறிவித்துவிட்டு, வேலையின் அளவைக் குறைக்காமல் விட்டால் அது கூடுதல் வேலையாக மாறும். ஆர்வம் உள்ளவர்கள் ராத்திரியில் உட்கார்ந்து செய்வார்கள், மற்றவர்கள் கைவிடுவார்கள்.

சின்னதாகத் தொடங்குங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு அரை நாள், எல்லோருக்கும் ஒரே நாள், அன்று மீட்டிங் கிடையாது. அந்த அரை நாளுக்கு ஈடாக எந்த வேலை தள்ளிப்போகிறது என்று மேலாளரே எழுதிக் கொடுக்க வேண்டும். கவுன்ட்டர், அழைப்பு மையம், உற்பத்தி வரிசை போன்ற இடங்களில் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து போக முடியாது. அங்கே இரண்டு இரண்டு பேராகச் சுழற்சியில் அனுப்பி, அவர்கள் இடத்துக்கு மாற்று ஆள் போடுங்கள். மாற்று ஆள் இல்லையென்றால் இந்தத் திட்டத்தை அறிவிக்காமல் இருப்பதே நல்லது.

நல்ல யோசனைக்குப் பணம் கொடுக்கலாமா?

கவனமாக. கார்ல் டன்கரின் மெழுகுவர்த்திப் புதிர் என்று ஒன்று உண்டு: மெழுகுவர்த்தி, தீக்குச்சி, ஒரு பெட்டி நிறையக் குத்தூசி கொடுத்து, மெழுகுவர்த்தியைச் சுவரில் பொருத்தச் சொல்வார்கள். பெட்டியைக் காலி செய்து, அதையே தாங்கு பலகையாகச் சுவரில் குத்த வேண்டும் என்பது விடை. 1962-இல் சாம் கிளக்ஸ்பெர்க் இதை வைத்துச் சோதித்தபோது, வேகமாக முடித்தால் பணம் என்று சொல்லப்பட்டவர்கள் சொல்லப்படாதவர்களைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார்கள். குத்தூசிகளை வெளியே கொட்டி, பெட்டியைக் காலியாக வைத்துக் கொடுத்தபோது பணம் பெறுபவர்களே வேகமாக முடித்தார்கள். பாதை தெளிவாக இருக்கும் வேலைக்குப் பணம் உந்துதல் தரும். பாதையையே கண்டுபிடிக்க வேண்டிய வேலையில் அது பார்வையைக் குறுக்கிவிடலாம்.

இன்னொரு சிக்கல்: பெரிய பரிசு என்றால் யோசனையைப் பகிராமல் பதுக்குவார்கள், "அது நான் சொன்னது" என்ற சண்டை வரும். சின்னத் தொகையோ பாராட்டோ எதுவானாலும் பங்கெடுத்த எல்லோருக்கும் கொடுங்கள், சோதனை தோற்றாலும் கொடுங்கள். யோசனை சொன்னவருக்கே அதைச் செய்து பார்க்க நேரமும் அதிகாரமும் தருவது பல இடங்களில் பணத்தைவிடப் பெரிய மரியாதை. நிறுவனத்துக்குப் பெரிய லாபம் வந்திருந்தால் மட்டும் பங்கு கொடுக்கத் தயங்காதீர்கள். அங்கே கையைச் சுருக்கினால் ஊழியர்கள் மறக்க மாட்டார்கள்.

கூட்டத்தில் யாரும் மாற்றுக் கருத்தே சொல்வதில்லை. பயமா?

பெரும்பாலும் பயம்தான். 1990-களில் எமி எட்மன்ட்சன் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நல்ல குழுக்களில் மருந்துத் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அங்கே தவறைத் திறந்து பேசினார்கள் என்பதே அதற்கு அவர் கண்ட விளக்கம்.

மேலாளர் செய்யக்கூடியவை எளிமையானவை, ஆனால் தினமும் செய்ய வேண்டியவை. தன் கருத்தைக் கடைசியில் சொல்வது. "எல்லோருக்கும் சம்மதமா?" என்று கேட்காமல் "இதில் எது உடையும்?" என்று கேட்பது, முதல் கேள்விக்குத் தலையாட்டல் போதும், இரண்டாவதற்கு ஏதாவது சொல்லியாக வேண்டும். கெட்ட செய்தி கொண்டுவந்தவரிடம் முதல் வார்த்தையாக "சொன்னது நல்லதாயிற்று" என்றுவிட்டு, பிறகு விவரம் கேட்பது. அந்த முதல் சில விநாடிகளில் முகம் சுளித்தால், அறையில் இருக்கும் மற்றவர்களும் அதைப் பார்த்துப் பாடம் படித்துக்கொள்வார்கள். பெரியவர் முன் மறுத்துப் பேசத் தயங்குபவர்களுக்கு எழுத்து வழி கொடுங்கள். பிக்ஸார் என்ற அனிமேஷன் பட நிறுவனத்தில் படத்தை விமர்சிக்கும் குழுவுக்கு இயக்குநரைக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் கிடையாது; கருத்தை எடுப்பதும் விடுவதும் அவர் விருப்பம். கட்டளையாக மாறாது என்று தெரிந்தால் கருத்துச் சொல்பவரும் கேட்பவரும் தளர்ந்து பேச முடிகிறது.

கெடு நெருக்கினால்தான் மூளை வேலை செய்யும் என்கிறார்களே?

நெருக்கடியில் வேலை அதிகம் நடப்பதுபோல் தோன்றும். தெரேசா அமாபிலேயும் சகாக்களும் ஏழு நிறுவனங்களின் ஊழியர்கள் எழுதிய 9,000-க்கும் மேற்பட்ட நாட்குறிப்புகளை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்டார்கள். நேர நெருக்கடி மிகுந்த நாட்களில் படைப்புச் சிந்தனை குறைந்தது, அடுத்த நாட்களிலும் அந்தப் பாதிப்பு தொடர்ந்தது. விதிவிலக்கும் இருந்தது: காரணம் புரிந்த அவசரம், இடையூறில்லாமல் ஒரே வேலையில் மூழ்க வசதி, இரண்டும் இருந்தால் நெருக்கடியிலும் நல்ல யோசனை வந்தது. கெடுவைத் தவிர்க்க முடியாது என்றால் நச்சரிப்பையாவது தவிருங்கள்.

ஹேக்கத்தான் (குறுகிய நேரத்தில் ஒரே மூச்சாக யோசனைகளைச் செய்து காட்டும் நிகழ்வு) நடத்தலாமா?

நடத்தலாம். அட்லாசியன் என்ற மென்பொருள் நிறுவனம் இப்படி 24 மணி நேர நிகழ்வைப் பல ஆண்டுகளாக நடத்துகிறது. ஆனால் மறுநாள் திட்டம் இல்லாமல் நடத்தாதீர்கள். முடிந்த வாரத்திலேயே இரண்டு யோசனைகளுக்கு ஆள், நேரம், பொறுப்பாளர் ஒதுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று முன்கூட்டியே தீர்மானியுங்கள்.

எங்கள் துறையில் விதிமுறைகள் கடுமை. புதுமைக்கு இடம் ஏது?

பாதுகாப்பு, மருந்து, கணக்கு, தரச்சான்று ஆகியவற்றில் மாற்றக் கூடாதது எது என்பதை ஒரு பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். அப்படி எழுதும்போது, சட்டம் என்று எல்லோரும் நம்பியிருந்தவற்றில் சில வெறும் பழக்கம் என்று தெரியவரும். மிச்சமுள்ள இடமெல்லாம் சோதனைக்குத் திறந்தது. தர அதிகாரியைக் கடைசியில் கையெழுத்துக்கு மட்டும் கூப்பிடாமல் முதல் கூட்டத்திலேயே உட்கார வையுங்கள்.

ஏஐ கருவிகளைப் பயன்படுத்தலாமா?

உங்கள் சொந்த யோசனைகளை எழுதிய பிறகு. 2024-இல் வெளியான ஓர் ஆய்வில், ஏஐ உதவியுடன் எழுதிய சிறுகதைகள் தனித்தனியே மதிப்பெண் அதிகம் பெற்றன. ஆனால் ஒன்றுக்கொன்று ஒத்திருந்தன. எல்லோரும் முதலிலேயே அதைக் கேட்டால் அறை முழுக்க ஒரே வாசனை அடிக்கும். நம் யோசனையில் ஓட்டை எங்கே என்று கேட்க அது நல்ல துணை. நிறுவனத்தின் ரகசியத் தகவலை அதில் இடலாமா என்பதற்கு முதலில் எழுத்தில் விதி வேண்டும்.

முன்னேற்றத்தை எதை வைத்து அளப்பது?

வந்த யோசனைகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்து வேண்டாம். இலக்கு வைத்தால் எண்ணிக்கை நிரம்பும், உள்ளே சரக்கு இருக்காது. மாதம் மூன்று எண் போதும்: யோசனைக்கு முதல் பதில் போக எத்தனை நாள், எத்தனை சோதனை தொடங்கி எத்தனை முடிந்தது, எத்தனை வெவ்வேறு ஆட்கள் யோசனை தந்தார்கள். மூன்றாவது எண் சுருங்கினால் எச்சரிக்கை. ஒரு சிலரே பேசுகிறார்கள் என்று பொருள்.

மேலிடம் தயார், ஊழியர்களும் தயார். நடுவில் இருக்கும் மேலாளர்கள் அசைய மறுக்கிறார்கள். என்ன செய்வது?

அவர்களைக் குறை சொல்வதற்கு முன் அவர்களுடைய மதிப்பீட்டுத் தாளைப் பாருங்கள். அதில் உற்பத்தி அளவும் கெடுவும் செலவும் மட்டுமே இருந்தால், சோதனைக்கு இரண்டு ஆளை அனுப்பும் மேலாளர் தன் மதிப்பெண்ணைத் தானே குறைத்துக்கொள்கிறார். சோதனைக்குப் போகும் மணி நேரங்களை அவர் இலக்கிலிருந்து கழியுங்கள். தோற்ற சோதனைக்கு அவர் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதை அவருடைய மேலதிகாரி எழுத்தில் கொடுக்கட்டும். முதல் சோதனையாக அந்த மேலாளருக்கே தினமும் தலைவலி தரும் ஒன்றை எடுங்கள், அவர் நிரப்பும் வாராந்தர அறிக்கையைப் போல. அதில் அவருக்கு ஒரு மணி நேரம் மிச்சமானால், அடுத்த சோதனைக்கு ஆள் கேட்கும்போது பேச்சு வேறு மாதிரி இருக்கும்.